சுற்றுலாப் பலகையில் இல்லாத செட்டிநாடு

காரைக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு நாம் காட்டும் வரிசை ஒன்றுதான்: கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, செட்டிநாட்டுச் சாப்பாடு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுந்த அந்த வீடுகள் காக்கப்பட வேண்டியவைதான். அவற்றோடு எந்த வரலாறு காக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

அந்த வீடுகள் செழிப்போடு இருந்த காலத்தில், 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, செருப்பு, குடை கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின; பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இத்தடைகளை விதித்தவர்கள் நகரத்தார் அல்லர். ஆனாலும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைப் பாத்திரங்களை விலைபேசும் பயணிக்கு, அதே காலத்தில் இதே மாவட்டத்தில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது என்று யார் சொல்வது?

'பழைய புண்ணைக் கிளறலாமா?' என்று கேட்பார்கள். புண் ஆறியிருந்தால் நாமும் விட்டுவிடலாம். 1979-ல் உஞ்சனையில் கோயில் விழா உரிமை தொடர்பான தாக்குதலில் தலித்துகள் ஐவர் கொல்லப்பட்டனர். கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமையை நீதிமன்றம்வரை போய்க் கேட்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் நின்றிருந்த தேர் 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடுதான் ஓடியது. 2018 மே மாதம் திருப்பாச்சேத்தி அருகே கச்சநத்தத்தில் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2022-ல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நாம் கேட்பது பெரிதல்ல. சிவகங்கை அரசு அருங்காட்சியகத்தில் அந்தத் தடைகளை எழுதி வையுங்கள். சுற்றுலாத் துறை வெளியிடும் கையேட்டில், சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் நான்கு வரி கொடுங்கள். கண்டதேவிக்கு வழிகாட்டும்போது தேரின் உயரத்தோடு அதன் வழக்கையும் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எண்பதைக் கடந்த பெரியவர்களிடம் உட்காருங்கள். அவர்களுடைய தாய் தகப்பன் காலத்தில் யார் செருப்புப் போட்டார்கள், யார் குடை பிடித்தார்கள், யார் பள்ளிக்கூடம் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வீடுகளைப் புதுப்பிக்கப் பணம் வரும். சொல்ல ஆளில்லாமல் போன வரலாற்றை எந்தப் பணத்தாலும் புதுப்பிக்க முடியாது.