சூத்திரத்துக்கு முன் பந்தைக் காட்டுவோம்



சாதாரண தரப் பிள்ளைகள் பலர் இருபடிச் சார்பின் உயர் பெறுமானத்துக்கான சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் மௌனம்தான். பரீட்சை மண்டபத்தில் சூத்திரம் மறந்தால் கேள்வியும் போய்விடும்.

ஒரு பந்தைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் நேர்மேலே எறிவோம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டு, காற்றுத்தடையை விட்டுவிட்டால்,

உயரம் = 20 × நேரம் − 5 × நேரம்²

1 செக்கனில் 15 மீற்றர், 3 செக்கனிலும் 15 மீற்றர். 0 இலும் 4 இலும் பந்து கையில். அப்படியென்றால் உச்சி நடுவில்தானே இருக்க வேண்டும்? 2 செக்கனில், 20 மீற்றர்!

வர்க்கப் பூர்த்தி செய்தால் காரணமும் தெரியும்:

உயரம் = 20 − 5 × (நேரம் − 2)²

வர்க்கம் ஒருபோதும் மறையாகாது. ஆகவே 20 இலிருந்து குறையலாமே தவிர, கூட வழியில்லை. இதை விளங்கிய பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் விடையைக் கண்டுபிடிக்கும்.

கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு எத்தனை கதவுகள் மூடுகின்றன என்பது நமக்குத் தெரியும். இன்னொரு டியூஷன் வகுப்பைத் தேடுவதற்கு முன், "ஏன்?" என்று கேட்கப் பிள்ளைக்கு இடம் கொடுப்போம். வகுப்பிலும், வீட்டிலும்.