உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை: அனுமதிக்கும் விளம்பரத்துக்கும் இடையில்

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், ட்ராய் நகரிலுள்ள தனியார் நிலையமொன்றில் 2025 ஜனவரி 31 அன்று உயர் அழுத்த ஆக்ஸிஜன் கலன் தீப்பற்றியதில் 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், கவனக்குறைவுடன் கூடிய மிகைத்துடிப்பு ஆகியவற்றுக்காக அவன் அங்கு கொண்டு செல்லப்பட்டிருந்தான். இச்சிகிச்சைக்கென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்துள்ள நோய்களில் இவ்விரண்டும் இல்லை.

சிகிச்சையே போலி என்பது இதன் பொருளல்ல. ஆழ்கடலிலிருந்து விரைந்து மேலெழும் சுழியோடிகளின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகும்போது அவர்களைக் காப்பது இக்கலன்தான். வழமையைவிட இரண்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கையில் குமிழ்கள் சுருங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்ஸிஜன் கரைந்து திசுக்களைச் சென்றடைகிறது. கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும், கதிர்வீச்சால் சிதைந்த திசுக்களுக்கும் இது பயன்படுகிறது. ஆறாத நீரிழிவுப் புண்கள் சிலவற்றுக்கும் அளிக்கப்படுகிறது; அதன் பலன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை.

ஆட்டிசத்துக்கு இது தீர்வு என்னும் விளம்பரங்களை நம்ப வேண்டாமென அந்நிர்வாகம் 2013 இலேயே எச்சரித்திருந்தது. ஆனால் பெற்றோரின் தவிப்பு எச்சரிக்கைகளுக்காகக் காத்திருப்பதில்லை. ஆக்ஸிஜன் செறிந்த கலனுக்குள் சிறு மின்பொறியே போதுமானது. எனினும், இத்தகைய நிலையங்கள் உரிமம் பெற வேண்டுமென்ற விதி மிஷிகனில் அப்போது இருக்கவில்லை. சம்பவத்தின்போது மருத்துவர் எவரும் அங்கிருக்கவில்லை என்று கூறி, 2025 மார்ச் மாதத்தில் நால்வர் மீது மாநில அரச வழக்குத்தொடுநர் வழக்குத் தாக்கல் செய்தார்.