வசதிக்கும் ஒரு விலை உண்டு

சியோல் நகரிலிருந்து ஒருநாள் சுற்றுலா செல்வோர் பெரிதும் நாடுவது நாமி தீவை. 1944ஆம் ஆண்டு சோங்பியோங் அணை கட்டப்பட்டு வட ஹான் ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்தபோது உருவான தீவு இது. 2002இல் ஒளிபரப்பான 'விண்டர் சொனாட்டா' தொலைக்காட்சித் தொடர், இதன் நெடிய மெட்டாசெக்குவோயா மரச்சாலையை உலகறியச் செய்தது.

காப்யோங் வரை தொடர்வண்டியில் சென்று, பின்னர்ப் படகேறித் தீவை அடைவது எளிது. ஆயினும், அவ்வட்டார மலைகளிடையே உள்ள காலை அமைதித் தோட்டத்தையும், பிரெஞ்சுச் சிற்றூர் வடிவில் அமைந்த பெட்டிட் பிரான்ஸையும் அதே நாளில் காண விழைந்தால், பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே பொழுது கழியும். ஆகவே முதியோரையும் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்வோர் வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவுக்குப் பணம் செலுத்துவது தகும் என்பதே என் கருத்து. நுழைவுக் கட்டணமும் உணவும் அதில் அடங்குமா என்பதை முன்பே கேட்டறிதல் நன்று.

ஆனால், விலை கொடுக்கத் தகாத வசதி ஒன்றும் உண்டு. கடையில் அட்டையை நீட்டும்போது, தொகையை வோனில் செலுத்துவதா, ரூபாயிலா என்று கருவி வினவலாம். ரூபாய் நமக்குப் பழகிய கணக்கு. எனினும் அதைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை வகுப்பது கடைக்காரரின் தரப்பே. அதில் கூடுதல் தொகை சேர்ந்திருப்பது வழக்கம். எனவே வோனையே தேர்ந்தெடுங்கள். புறப்படுமுன் அட்டையின் பன்னாட்டுப் பயன்பாட்டை இயக்கி, செலவு வரம்பையும் வகுத்துக்கொள்ளுங்கள்.