பெட்டி இருக்கிறது, சாவி யாரிடம்?

உங்கள் பட்டறையில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று எந்த முதலாளியைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். எங்கே என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'ஆபீஸ் அறை பீரோவில்' என்பார். சாவி? 'மேனேஜரிடம்.' மேனேஜர்? 'பேங்குக்குப் போயிருக்கிறார்.' ஒருவழியாகச் சாவி வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே காய்ந்துபோன டிங்ச்சர் பாட்டில், ஈரம் பட்டு மஞ்சளாகிப்போன பஞ்சு, காலாவதியான தலைவலி மாத்திரை அட்டை, கூடவே பழைய பில் புத்தகம் இரண்டு. இந்த மும்பை நகரில் நான் ஏறி இறங்கிய சிறு பட்டறைகளில் பாதிக்கு மேல் நிலைமை இதுதான். மீதியில் பெட்டியே கிடையாது.

இதைத் தமிழ்ச் சங்க இதழில் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. நம்மவர்கள் இந்த நகரில் எங்கெல்லாம் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாராவியின் தோல் பட்டறைகளிலும், விடிவதற்குள் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் வீடுகளிலும், சாக்கிநாக்காவின் லேத் பட்டறைகளிலும், கல்யாணச் சமையல் கொட்டகைகளிலும், வெல்டிங் கடைகளிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே நிலபுலன் இல்லை. ஆபத்துக்கு ஓடிவர அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லை. இருக்கும் முதல் இரண்டு கைகள்தான். அதில் ஒன்று போனால் ஊருக்கு அனுப்பும் பணம் நின்றுவிடும். தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகும். பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவான். ஆகவே இது நம் குடும்ப விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்றது. வேலை நேரம் முழுவதும் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறு எதையும் அதில் வைக்கக் கூடாது என்றும் சொன்னது. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். வேலை நேரத்தில் அவர் எப்போதும் கிடைக்க வேண்டும். பெட்டியையும் ஆளையும் அந்தச் சட்டம் சேர்த்தே வைத்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத் தனி ஆம்புலன்ஸ் அறையும் வேண்டும் என்றது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதிலும் முதலுதவிப் பெட்டி உண்டு. ஆனால் பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும், பொதுவாகப் பத்துப் பேர் என்ற எண்ணிக்கையிலிருந்துதான் பேசத் தொடங்குகின்றன. நம்மவர்கள் வேலை செய்யும் இடங்களில் எத்தனையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? ஒரு கோலியில் நான்கு தையல் இயந்திரம், ஒரு சந்தில் இரண்டு லேத், ஒரு சமையலறையில் ஆறு பேர். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். வந்து கேட்கவும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் சட்டத்தின் வேலையை முதலாளியின் மனசாட்சிதான் செய்தாக வேண்டும். அந்த முதலாளி பல நேரம் நம்மவராகவே இருக்கிறார் என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பெட்டியும் இல்லை, பழகிய ஆளும் இல்லை என்றால் என்ன நடக்கும்? கையில் கிடைத்ததை எடுத்து அப்புவார்கள். வெட்டுக் காயத்துக்குக் காபித்தூள், மஞ்சள்தூள். தீக்காயத்துக்குப் பற்பசை, பேனா மை, தோசை மாவு. எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் கொதிநீரோ நீராவியோ பட்ட தோலில், பாத்திரத்தை விட்டு விலகிய பிறகும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க வேண்டிய மருந்து குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குவதற்குமுன் கழற்றிவிட வேண்டும். பற்பசை பூசிக்கொண்டு போனால் டாக்டர் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேதனையும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

இரத்தம் கொட்டும் காயத்துக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: சுத்தமான காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடிப்பது. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து, இன்னும் நன்றாக அழுத்த வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான துணியை லேசாக ஈரமாக்கி அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் பனிக்கட்டியோடு வைத்து எடுத்துப் போக வேண்டும். பனிக்கட்டி விரலில் நேராகப் படக் கூடாது. டெட்டாலில் ஊறப்போடவும் கூடாது. விரலைத் திரும்பப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இந்த நகரில் நடக்கிறது. ஆனால் தரையில் விட்டுவிட்டு வந்த விரலை எந்த டாக்டராலும் பொருத்த முடியாது.

மின்சாரம் பாய்ந்தவரைத் தொடுவதற்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லையேல் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவார். மூச்சுப் பேச்சில்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். பரண் ஏணியிலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பிடித்து மூட்டைபோல் தூக்கக் கூடாது. கழுத்து அசையாமல் அப்படியே படுக்க வைத்திருக்க வேண்டும். சாய இரசாயனமோ அமிலமோ கண்ணில் தெறித்தால் 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது. இவ்வளவையும் இங்கே படித்து மனப்பாடம் செய்தால் போதாது. ஒருமுறையாவது கைப்பழக்கமாகச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இனி பெட்டி. பத்துப் பேருக்குள் வேலை செய்யும் இடத்துக்கு இவை இருந்தால் பெரும்பாலும் போதும்:

1. உறையிட்ட, கிருமி நீக்கிய காஸ் துணி, சிறிதும் பெரிதுமாக 20.
2. சுருள் பேண்டேஜ், 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு ஆறு.
3. கை தொங்கவிட்டுக் கட்ட முக்கோணத் துணி இரண்டு, சேஃப்டி பின்கள்.
4. ஒட்டும் பிளாஸ்டர் சுருள் ஒன்று. சிறு காயத்துக்கான ஒட்டுப் பட்டைகள் ஒரு பெட்டி.
5. ஒருமுறை மட்டும் அணியும் கையுறை ஐந்து ஜோடி.
6. மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், சாமணம்.
7. கண்ணையும் காயத்தையும் கழுவ சலைன் பாட்டில். பெட்டாடின் சிறியது ஒன்று.
8. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஐந்து. உலையருகிலும் அடுப்பருகிலும் வேலை செய்வோருக்கு மே மாதத்தில் தேவைப்படும்.
9. சுத்தமான பிளாஸ்டிக் பைகள், டார்ச் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம், பேனா.

தொழிலைப் பார்த்து இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இட்லிக் கடைக்கும் சமையல் கொட்டகைக்கும் தீக்காயத்தில் ஒட்டாத கட்டுத்துணி கூடுதலாக வேண்டும். லேத் பட்டறைக்கு அழுத்திக் கட்டும் பெரிய கட்டுகள் வேண்டும். தோல், சாயப் பட்டறைக்குக் கண் கழுவும் சலைன் இன்னும் இரண்டு பாட்டில். பஞ்சைத் திறந்த காயத்தில் நேராக வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும்; ஆகவே பஞ்சை நம்பிப் பெட்டியை நிரப்பாதீர்கள். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருநாள், சம்பளம் கொடுக்கும் நாளன்றே, திறந்து பார்த்துத் தீர்ந்ததை வாங்கி வையுங்கள்.

பெட்டி மாட்டியாயிற்று என்று கடமை முடிந்துவிடாது. யார் கட்டுப் போடுவார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர். ஆகவே ஷிப்டுக்கு இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். இட்லி வேலை பின்னிரவில் தொடங்குகிறது. அந்த நேரத்தில் எந்தக் கிளினிக்கும் திறந்திருக்காது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எதில் போவது என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 108, 112 என்ற எண்கள் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். அதன் கீழே பட்டறையின் விலாசத்தை இந்தியிலும் மராத்தியிலும், நம் பையன்கள் படித்துச் சொல்லும்படி தமிழ் எழுத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்து மூன்று மாதமான பிள்ளை, பதற்றத்தில், பாஷை தெரியாமல், போனில் எப்படி வழி சொல்வான்? தாராவியின் சந்துகளுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. தொண்ணூறடிச் சாலையின் எந்த முனையில் வண்டி நிற்கும், அங்கே போய் நின்று கூட்டி வருபவர் யார் என்பதையும் முன்பே தீர்மானித்தால் பாதி உயிர் பிழைத்த மாதிரி.

'இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி, நமக்குச் செலவு கட்டுப்படியாகாது' என்பார்கள். மேலே சொன்ன பெட்டி, ஒரு லேத் ஒருநாள் நின்றால் வரும் நஷ்டத்தைவிட அதிகமாக இருக்காது. 'ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது' என்பார்கள். உண்மைதான், தாராவிக்கு அருகிலேயே சயானில் லோகமான்ய திலக் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இரத்தம் ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை காத்திருப்பதில்லை.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். அதனால் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப் போய், 'வீட்டில் வழுக்கி விழுந்தான்' என்று எழுத வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது முதலுதவி தாமதமாவதைவிடப் பெரிய கெடுதல். வேலையில் பட்ட காயம் என்று எழுதியிருந்தால்தான் அந்தத் தொழிலாளிக்கு நஷ்டஈடு கேட்க வழி உண்டு, ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதன் பலனும் உண்டு. வீட்டில் விழுந்தான் என்று எழுதிய ஒரு வரி, விரலை இழந்தவனின் வாழ்நாள் உரிமையையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. பெட்டியில் நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். என்ன காயம், எந்த நேரம், எந்த இயந்திரம், யார் பார்த்தார், என்ன கட்டுப் போட்டார் என்று அன்றே எழுதி வையுங்கள். நேர்மையான முதலாளிக்கும் அதுவே பாதுகாப்பு. ஒரே இயந்திரம் மூன்று முறை கையைக் கிழித்திருக்கிறது என்பதும் அந்த நோட்டில்தான் தெரியவரும். பிறகு அதற்குக் காப்புத் தகடு போடலாம்.

நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது சங்க மண்டபத்தில் தமிழிலேயே முதலுதவிப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் சான்றிதழுடன் பயிற்சி தருகின்றன. அருகில் நின்று தமிழில் எடுத்துச் சொல்ல நம் டாக்டர்களும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வைத்தால் பட்டறைப் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டாவது, தொழில் நடத்தும் உறுப்பினர்கள் வரும் பொங்கலுக்குள் தங்கள் இடத்தில் ஒரு பெட்டியும் பழகிய இரண்டு ஆட்களும் இருப்பதாகச் சங்கத்துக்கு எழுதித் தரட்டும். மூன்றாவது, வீட்டிலேயே சமையல், தையல், அப்பள வேலை செய்யும் பெண்களையும் இந்த வகுப்புக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கு வீடுதான் பட்டறை. அவர்கள் காயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிடையே வேலை என்பது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது. 'நம்ம ஊர்ப் பையன், ஒரு வேலை போட்டுக் கொடுங்கள்' என்று நாம்தான் சொல்கிறோம். சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டா, சாப்பாடு உண்டா என்று அவன் சார்பில் கேட்கிறோம். இனிமேல் அதோடு இன்னொன்றையும் கேட்போம்: 'அண்ணாச்சி, அடிபட்டால் கட்டுப் போட இங்கே யார் இருக்கிறார்?' பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நம் பிள்ளையை விட்டுவிட்டு வரக் கூடாது. அவனை நம்பித்தானே அவன் தாய் ரயிலேற்றி அனுப்பினாள், நம்மையும் நம்பி.