நுசாந்தராவும் அந்தரமும்

எந்நகருக்குப் பெயர்வது என்னும் வினா தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று, அரசுகளுக்கும் உண்டு. இந்தோனேசிய அரசு, தலைநகரை ஜகார்த்தாவினின்றும் போர்ணியோத் தீவின் கிழக்குப் பகுதிக்கு மாற்றும் முடிவை 2019இல் அறிவித்து, 2022இல் சட்டமும் இயற்றியது. புதுநகரின் பெயர் நுசாந்தரா: 'நுசா' தீவு, 'அந்தரா' இடை.

ஜகார்த்தா தாழ்வதற்குக் கடலை மட்டும் பழித்தல் முறையன்று. குழாய்நீர் போதாமையால் மனைகளும் ஆலைகளும் ஆழ்கிணறுகள் வழியே நிலத்தடி நீரை உறிஞ்சின. நீரிழந்த மண் அமிழ்ந்தது. அலுவலகங்கள் பெயரலாம், ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் பெயரார். வடமொழியில் இடையெனப் பொருள்படும் அந்தரம், நம் பேச்சுவழக்கில் இக்கட்டையும் குறிக்கும். எஞ்சுவோர் நிலை அதுவே. அவர்க்குக் குழாய்நீர் வழங்கி ஆழ்கிணறுகளை மூடும் கடமை, தலைநகர் பெயர்ந்தாலும் அரசை விட்டு நீங்காது.