மனசாட்சிக்குச் சாட்சி யார்?



ஜும்ஆ முடிந்து குடவாசல் கடைத்தெருவில் வருகையில் ஓர் இளைஞர் வழிமறித்தார். "ஹஜ்ரத்! கட்டாயமாகப் பட்டாளத்திற்கு அழைத்தால், 'என் மார்க்கம் இடம் தரவில்லை' என்று மறுக்க உரிமை உண்டா?"

இது ஏட்டுக் கேள்வி அல்ல. நம் பகுதியில் சிங்கப்பூர் சொந்தம் இல்லாத தெரு உண்டா? அங்கே 1967 முதல் கட்டாயப் படைப்பணி நடக்கிறது. நிரந்தரவாசிகளின் ஆண் பிள்ளைகளையும் அது விடுவதில்லை. மதக் கொள்கைக்காக மறுக்கும் யெகோவா சாட்சிகள் சிறைக் கொட்டடிக்குப் போகிறார்கள்.

முதல் உலகப் போரின்போது, 1916இல், பிரிட்டன் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டு வந்தது. மனசாட்சியின் பேரில் மறுப்பவர்களை விசாரிக்கத் தீர்ப்பாயங்களும் வைத்தது. ஆனாலும் விலக்குக் கிடைக்காமல் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கும் கட்டளைக்குப் பணியாத 35 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள்! பிறகு அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டம் பறிபோனது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டம் மூன்று கேள்விகள் கேட்டது: எல்லாப் போரையும் எதிர்க்கிறாயா? அந்த எதிர்ப்பு மார்க்க நம்பிக்கையில் ஊன்றியதா? அதில் நீ உண்மையானவனா? அவரை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி, "இவர் உண்மையானவர்" என்றே பரிந்துரைத்தார். நீதித்துறை ஏற்கவில்லை. இறுதியில் 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1921 ஜூலையில் கராச்சி கிலாஃபத் மாநாடு, பிரிட்டிஷ் படையில் பணியாற்றுவது முஸ்லிமுக்கு மார்க்கத்தில் ஆகாது என்று தீர்மானித்தது. அலி சகோதரர்கள், மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ உள்ளிட்டோர் கைதானார்கள். மௌலானா முஹம்மது அலி, மத சுதந்திரம் தருவதாக விக்டோரியா மகாராணி 1858இல் அறிவித்ததையே நீதிமன்றத்தில் எடுத்து வைத்தார். நவம்பர் 1 அன்று ஆறு பேருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல்! உடன் குற்றம் சாட்டப்பட்ட சங்கராச்சாரியார் மட்டும் விடுவிக்கப்பட்டார். எந்தப் பேச்சுக்காக அலி சகோதரர்களைப் பிடித்தார்களோ, அதே கருத்தைத் திருச்சியில் கூட்டம் போட்டுச் சொன்னார் காந்தியடிகள்.

இன்று இந்தியாவில் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. ஆனால் பொதுத் தேவைக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. மனசாட்சிச் சுதந்திரத்தை 25ஆம் பிரிவு தருகிறது. தேசிய கீதத்திற்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்ததற்காகக் கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று யெகோவா சாட்சிப் பிள்ளைகளை மீண்டும் சேர்க்கும்படி 1986இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்தப் பிரிவின் பலத்தில்தான். அந்தத் தீர்ப்பின் நிழல் நமக்கும் உண்டு. அந்தச் சிறுபான்மைக்கு இடர் வரும்போது நாம் வாய்மூடி இருந்தால், நமக்கு வரும்போது யாரைக் கூப்பிடுவோம்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் போரையும் மறுக்கும் மார்க்கம் அல்ல இஸ்லாம். எனவே தீர்ப்பாயத்தின் முதல் கேள்வி நமக்குக் கடினமானது. மூன்றாவது கேள்வியோ அதைவிடக் கடினமானது. "நீ உண்மையானவனா?" என்பதற்கு வக்கீல் பதில் சொல்ல முடியாது, வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

வியாபாரச் சகோதரர்களே! அளவை நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்கத் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு. தராசில் நூறு கிராம் குறைப்பவன், "என் மார்க்கம் தடுக்கிறது" என்று தீர்ப்பாயத்தில் நின்றால் யார் நம்புவார்? வாலிபர்களே! பஜ்ருக்கு எழாதவனின் மனசாட்சி பட்டாளத்து அழைப்பு வந்த அன்று மட்டும் எழுந்தால், அதன் பெயர் ஈமானா, பயமா?

அந்த இளைஞருக்கு நாம் சொன்னது இதுதான்: "உரிமை உண்டு தம்பி. அதற்கு விலையும் உண்டு. சாட்சியை இன்றே தயார் செய்."

சிந்திப்போம்! செயல்படுவோம்!