இளைப்பும் தலையெழுத்தும்

நம் நாட்டில் "இளைப்பு" என்னும் ஒரே சொல் உடல் ஓய்ந்துபோவதற்கும் வழங்குகிறது. மூச்சிரைக்கும் ஆஸ்துமா நோய்க்கும் வழங்குகிறது. சொல் ஒன்றாயிருப்பதில் குற்றமில்லை. ஆனால் ஓய்ச்சலைக் கண்டவர்கள் மூச்சைப் பற்றி விசாரியாமலே விட்டுவிடுகிறார்களே, அதைத்தான் குற்றமென்கிறோம்.

தோழர்களே! தாமிரபரணிப் பக்கத்து முக்கூடல், பாப்பாக்குடி, மேலப்பாளையம் முதலிய ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூளைப் பொழுதெல்லாம் சுவாசிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி "வருஷக்கணக்காய் உடம்பு எழவில்லை" என்று சொன்னால், மாமியார் சோம்பேறி என்கிறாள். ஜோசியன் ஏழரைச் சனி என்கிறான். புரோகிதன் பூர்வஜென்ம கர்மம் என்கிறான். மந்திரிக்கிறவன் கயிறு கட்டுகிறான். வைத்தியரோ ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு இரவில் இருமலும் விடியற்காலையில் நெஞ்சடைப்பும் வந்தாலும், எல்லாவற்றையும் பழைய களைப்பின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒருநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றபிறகு ஆஸ்துமா என்று தெரிகிறது. உடனே வீட்டார், "எதிர்பாராமல் வந்துவிட்டது" என்கிறார்கள். எதிர்பாராமல் வந்ததா? பாராமல் விடப்பட்டதா என்று நாம் கேட்கிறோம்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோயாகும். அது இரவுத் தூக்கத்தைக் கெடுத்துப் பகலில் அசதியை உண்டாக்கும். அன்றியும், தீராத களைப்பு தனியே ஒரு நோயாகவும் இருக்கலாம். 1969-லேயே உலக சுகாதார ஸ்தாபனம் அத்தகைய நோய் ஒன்றை நரம்புமண்டல நோய்களில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். ஒன்று இருப்பது மற்றொன்று இல்லையென்பதற்கு அத்தாட்சியாகாது. ஒரு குழாயில் ஊதச் செய்து பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனைக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும்.

நோய் தெரிந்த பிறகாவது புத்தி வருகிறதா? ஐதராபாத்தில் ஜூன் மாதத்தில், இன்னதென்று வெளியிடப்படாத மருந்தை உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் வைத்து விழுங்குவதற்கு ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நிற்கிறார்கள். 1956 முதல் உலகம் உபயோகித்துவரும், மருந்தை நேரே மூச்சுக்குழாயில் சேர்க்கும் இன்ஹேலரை எடுக்கவோ வெட்கப்படுகிறார்கள்! பெண்ணாயிருந்தால், கலியாணம் தடைப்படுமென்று ஒளித்துவைக்கச் சொல்லுகிறார்கள். மூச்சுவிடுவதைக்கூட மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் விடவேண்டுமென்றால், அப்படிப்பட்ட கலியாணம் யாருக்கு வேண்டும்?

1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்துக்குக் காற்றோட்டம் வேண்டுமென்றது. முதலாளிகளோ தொழிற்கூடத்தையே அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூசு அவளுக்கு; லாபம் இவர்களுக்கு!

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகும் பஸ் கட்டணத்தைவிடப் பரிகாரச் செலவே அதிகம். ஆகவே, களைப்பென்று சொல்லுகிறவளிடம் இரவில் இருமுகிறாயா, மூச்சில் சத்தம் கேட்கிறதா, என்ன தொழில் செய்கிறாய் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வைத்தியர் கேளாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லி, மூச்சை அளந்து பார்க்கும்படி வற்புறுத்துங்கள். தலையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.